விலை குறையும் வரை

சந்திரகாந்தியின் கல்யாணம் கரண்டுக் கம்பியில் மாட்டிக்கொண்டு இரண்டாவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். ஒரு வாரம் அவள் இடத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் சிரிப்பு வந்தால் சிரிக்கட்டும்.

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஏறுகிற பாதையில் இரு பக்கமும் கடைகளாக ஒரு சிறிய வீதி. அதன் நடுவில் அவளுடைய அப்பா வைரவநாதனின் துணிக்கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. வீதிக்கு மேலே மலை முழுக்கத் தேயிலை. அந்தத் தோட்டத்தில் கொழுந்து அரைக்கிற ஸ்டோர் என்கிற தொழிற்சாலைக்காக, அருவித் தண்ணீரில் சுழலும் கரண்டு மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஸ்டோருக்கு வேண்டியதற்கு மேலேயே அது கரண்டு கொடுத்தது. மிச்சத்தைக் கீழே கடைவீதிக்கு விற்றால் என்ன என்று பெரிய துரைக்கு யோசனை வந்தது. கம்பம் நட்டார்கள், கம்பி இழுத்தார்கள். விளக்குக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் சொன்னார்கள். கடைக்கு ஒரு விலை, வீட்டுக்கு ஒரு விலை. மண்ணெண்ணெய்க்கு ஆகிறதைப்போல மூன்று பங்கு!

கம்பச் செலவும் கம்பிச் செலவும் முதல் வருஷத்துக் கணக்கில் ஏறியிருக்கிறது, வருகிற சித்திரையில் கடைக்கும் வீட்டுக்கும் விலை பாதியாகும் என்று துரை சொல்லி அனுப்பினார். ஒருவரும் நம்பவில்லை. மலையிலிருந்து இறங்கி வருகிற பேச்சு எதையும் அந்த வீதி லேசில் நம்பியதில்லை.

வைரவநாதன் நம்பினார். நம்புவது அவருக்கு ஒரு வியாதி. யாருக்கு யார் ஜாமீன் நிற்கவேண்டுமென்றாலும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு முதலில் கிளம்புகிறவர் அவர்தான். நல்ல மனுஷர். வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் அந்த நல்ல மனுஷரோடு குடித்தனம் பண்ணுவது பெரும்பாடாக இருந்தது. வீதி முழுக்க வெளிச்சமாக வேண்டும் என்று அவருக்கு அப்படி ஓர் ஆசை. கடைக்காரர்களையெல்லாம் தெருக்கோடி மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சாமி முன்னால் சூடத்தைக் கொளுத்தி வைத்து, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணினார்.

"கடைக்கும் வீட்டுக்கும் வெலை பாதியாகும். இது சத்தியம். ஆகுற வரைக்கும் என் வீட்டுல ஒரு நல்ல காரியம் நடக்காது!"

சத்தியம் என்றால் தன்னைப் பற்றித்தானே பண்ணவேண்டும்? மலைமேல் உட்கார்ந்திருக்கிற துரை செய்யப்போகிற காரியத்துக்கு இவர் சூடம் அணைத்தார். துரைக்கு மாரியம்மனைத் தெரியாது. மாரியம்மனுக்குத் துரையைத் தெரியுமோ என்னவோ. இரண்டு பேருக்கும் நடுவில் வைரவநாதனின் கை மட்டும் கொப்புளித்துப்போயிற்று. ஆனால் சத்தியம் வேலை செய்தது. அந்த மாதமே அத்தனை கடையிலும் பல்பு எரிந்தது. எதிர்க்கடை ஹுமைத் நானாவைப்போன்ற இஸ்லாமியர்கூட, "அல்லாவோ அம்மாளோ, மனுஷன் கையைச் சுட்டுக்கிட்டுச் சொல்றார்ல" என்று கம்பி இழுத்துக்கொண்டார்கள்.

அப்போது சந்திரகாந்திக்கு மாப்பிள்ளைப் பேச்சே எடுக்கவில்லை. ஆவணியில்தான் மொனராகலையிலிருந்து சம்பந்தம் வந்தது. ஜெயராசா என்று பெயர். அங்கே சொந்தமாகப் பலசரக்குக் கடை வைத்திருந்தான். பெண் பார்க்க வந்தவன் பலகாரத் தட்டைப் பார்க்காமல் அவளைப் பார்த்தான். அது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. கூச்சமில்லாமல் சொல்வதானால், ரொம்பவே பிடித்துப்போயிற்று. சித்திரையில் விலை குறைந்துவிடும், வைகாசியில் முகூர்த்தம் வைத்துக்கொள்ளலாம் என்று தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள்.

சித்திரை வந்தது. விலை வரவில்லை.

"அடுத்த மாசம்" என்றார்கள். மழை பெய்து அருவி பெருகட்டும் என்றார்கள். பெருகியது. இடி விழுந்து மெஷினில் ஏதோ கருகிவிட்டது, சீமையிலிருந்து சாமான் வரவேண்டும் என்றார்கள். சாமான் வந்தது. கொழும்புக்கு எழுதியிருக்கிறது என்றார்கள். பிறகு பெரிய துரை லீவில் ஊருக்குப் போய்விட்டார், புதுத் துரை எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்கவேண்டுமாம். வைரவநாதன் மாதம் தவறாமல் குடையோடு மலை ஏறினார். ஆபீஸ் வாசலில் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே இறங்கி வரும்போது முகம் பளிச்சென்று இருக்கும்.

"கொறைச்சிடுவாங்க. இந்தத் தடவை நல்லாவே பேசினாங்க. உக்காருன்னு நாற்காலி காட்டினாங்கன்னா பாத்துக்கயேன்!"

வீட்டில் நல்ல காரியம் எதுவும் நடக்கக்கூடாது அல்லவா? அம்மா ராமலட்சுமி அதை அட்சரம் பிசகாமல் பிடித்துக்கொண்டாள். தைப்பொங்கலுக்குப் புதுப்பானை வாங்கவில்லை, பழைய பானையில் பொங்கியது. சந்திரகாந்தியின் அக்காள் மகனுக்குக் காதுகுத்து இவர்கள் வீட்டில் நடக்கவேண்டியது, பதுளையில் வேறு வீட்டில் நடந்தது. கூறைச்சேலை எடுத்து வைத்தது வைத்தபடி பெட்டியில் கிடந்தது. பூச்சி அரிக்காமல் இருக்க அம்மா அதற்குள் வேப்பிலை போட்டு வைத்தாள். கல்யாணச் சேலையில் வேப்பிலை வாசனை. சந்திரகாந்தி ஒருநாள் அதை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு அழுதாள். அம்மா பார்த்தும் பார்க்காததுபோல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தோட்டத்துச் சனங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைவீதிக்கு இறங்குவார்கள். தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்திலிருந்து துணி எடுக்க வருகிற இராக்கம்மா அவளைப் பார்க்கும்போதெல்லாம், "என்னா பொண்ணு, இன்னும் வெலை கொறையலையா?" என்று கேட்பாள். பிறகு தானே சிரித்துக்கொள்வாள். "எங்களுக்குத் தோட்டத்துல அரிசி குடுக்குற வெலை கொறையும்னு நாங்க பொறந்ததுலருந்து சொல்றாங்க. நல்ல வேளை, எங்கப்பன் அதுக்குச் சூடம் அணைக்கல!"

இரண்டாவது சித்திரையும் போயிற்று. ஆடி கழிந்து ஒருநாள் ஜெயராசா வந்தான். பதுளைக்குச் சரக்கெடுக்க வந்தவன், சம்பந்தமே இல்லாமல் இந்த வீதிக்கு ஏறி வந்து, கடையில் அப்பா இல்லாத நேரம் பார்த்து ஒரு துண்டு விலை கேட்டான். சந்திரகாந்தி துண்டை எடுத்துப் போட்டாள். அதை விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அம்மா தை வரைக்கும்தான் பொறுப்பேங்குறாங்க."

"நீங்க?"

"நான் எத்தனை வருஷம்னாலும் இருப்பேன். ஆனா அம்மா பேச்சைத் தாண்ட எனக்குத் தைரியம் வராது. உங்ககிட்ட மறைக்கல, அதான் நேர்ல வந்து சொல்றேன்."

துண்டை வாங்கிக்கொண்டு போனான். அவன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தை மாதம் என்பது அவ்வளவு தூரத்தில் ஒன்றும் இல்லை.

அந்த வாரம் கட்டணம் வாங்குவதற்குக் தோட்டக் கம்பெனிக் கிளாக்கர் சுந்தரலிங்கம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பொய் பேசத் தெரியாத ஒரு சோம்பேறி. கட்டணத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டே சந்திரகாந்தி கேட்டாள்.

"ஐயா, நெசத்தைச் சொல்லுங்க. எப்ப கொறைப்பாங்க?"

அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"ஏன் குறைக்கவேணும், பிள்ளை? ஒரு மாதம் முன்னுக்குச் சொல்லிப்போட்டு ஆரும் கம்பியைக் கழட்டலாம் எண்டு ஒப்பந்தத்தில இருக்கு. இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் கழட்டேல்லை. சனம் கழட்டத் துடங்கினால் துரை அடுத்த நாளே குறைப்பார். அவருக்கென்ன, ஆத்துத் தண்ணிதானே! கழட்டாத சனத்துக்கு ஏன் குறைப்பார், விசரே அவருக்கு?"

"ஏன் கழட்ட மாட்டேங்கிறாங்க?"

"அதை உங்கட அப்பாவிட்டக் கேளுங்கோ" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனார்.

அப்பாவைக் கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. வீதியில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். வைரவநாதன் சூடம் அணைத்திருக்கிறார், விலை எப்படியும் குறைந்தே தீரும், பெண்ணுக்குக் கல்யாணம் பண்ணாமல் வைத்துக்கொண்டு எந்தத் தகப்பன் சும்மா இருப்பான்? அதனால் பொறுத்திருப்போம். எல்லோரும் பொறுத்திருந்தார்கள். அவர்கள் பொறுத்திருப்பதால் விலை குறையவில்லை. விலை குறையாததால் அவள் கல்யாணம் நடக்கவில்லை. அவள் கல்யாணம் நடக்காமல் இருப்பதைப் பார்த்துப் பார்த்து அவர்கள் மேலும் தெம்பாகப் பொறுத்திருந்தார்கள். சந்திரகாந்திக்கு அது அன்றுதான் விளங்கியது. கம்பெனிக்காரனைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்று வீதி நினைத்துக்கொண்டிருந்தது. பிடித்து வைக்கப்பட்டிருந்தது அவள்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னாள். ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். கை பாதியில் நின்றது. அவருக்கும் விளங்கிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் கொடுமை.

"அப்ப நானே போயி எல்லாரையும் கழட்டச் சொல்லணுங்கிறியா?"

"ஆமாப்பா."

"சாமி முன்னால கொறையும்னு சொன்ன வாயால, கொறையாது கழட்டுங்கன்னு சொல்லணும்?"

"கழட்டினா கொறையும்பா. சத்தியமும் நெலைச்சுடும்."

"வெலை கொறையுறதுக்கு முந்தி எம்பேச்சு போயிரும், கண்ணு." அவர் கையைக் கழுவிக்கொண்டார். "நாளைக்கு மேல போயிட்டு வர்றேன். இந்தத் தடவை சொல்ற விதமா சொல்லிப் பாக்குறேன்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் குடையோடு மலை ஏறினார். அம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். சந்திரகாந்தி கடைக்குள் முக்காலியைப் போட்டு ஏறினாள். கடையில் இருந்த பல்புகளையும் வீட்டுக் கூடத்தில் இருந்த ஒன்றையும் கழற்றினாள். பழைய துணியில் சுற்றிக் கூடையில் வைத்து, தெருக்கோடியில் இருந்த கம்பெனி அறைக்கு அவளே தூக்கிக்கொண்டு போனாள். வீதியே பார்த்தது. வைரவநாதன் மகள் கூடையோடு தனியாகப் போகிறாள் என்றால் பார்க்காமல் இருக்குமா?

"எங்க கடைக்கு வேணாம்னு எழுதிக்கங்க" என்றாள்.

"அப்பா சொன்னவரோ?" என்றார் சுந்தரலிங்கம்.

"ஆமாங்க" என்று கூசாமல் பொய் சொன்னாள். அவள் வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய் அதுதான். சொல்லும்போது மனசு சந்தோஷமாக இருந்தது.

ஆறு மணிக்கு, மலைமேல் ஸ்டோரிலிருந்து கரண்டு விட்டார்கள். வீதி முழுக்க ஒரே நேரத்தில் வெளிச்சம் வந்தது, துணிக்கடையைத் தவிர. அவள் லாந்தரைக் கொளுத்தி மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். துணி எடுக்க வந்த தோட்டத்துச் சனங்கள் வாசலில் தயங்கி நின்றார்கள். எதிர்க்கடையில் ஹுமைத் நானா அளந்துகொண்டிருந்த பருப்பை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தார். தேநீர்க்கடைக்காரன் ஓடிவந்தான்.

"என்ன தங்கச்சி, அப்பாவே கழட்டிட்டாரா? அப்போ கொறையவே கொறையாதா? அப்போ நானும் கழட்டிறவா?"

"கழட்டுங்க" என்றாள் சந்திரகாந்தி. "நாளைக்கே கழட்டுங்க அண்ணே. எல்லாருமே கழட்டுங்க."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு தன் கடையைத் திரும்பிப் பார்த்தான். வீதியில் கூட்டம் கூட்டமாக நின்று பேசுகிறது கேட்டது. ஒன்றிரண்டு பேர் கழற்றினால்கூடப் போதும், பிறகு தானாக உருண்டுவிடும் என்று அவள் நினைத்தாள். தைக்கு முன்னால் விலை பாதியாகும். தையில் மொனராகலை. அந்த லாந்தர் வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, அவள் தன் கல்யாணத்தை நிஜமாக நினைத்துப் பார்த்தாள்.

வைரவநாதன் இருட்டிய பிறகு வந்தார். வாசலில் நின்று கடையைப் பார்த்தார். ஏச்சு விழும் என்று அவள் காத்திருந்தாள். விழவில்லை. குடையைச் சாத்தி வைத்துவிட்டுத் துணிக்கட்டின்மேல் உட்கார்ந்தார்.

"என்னைப் பொய்யனாக்கிட்டியே, சந்திரா" என்றார்.

அதைவிட அவர் ஓர் அறை கொடுத்திருக்கலாம். அவள் அவர் காலடியில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். ஆனால் பல்பைத் திரும்ப மாட்டுவதாக மட்டும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அவமானத்தில் அவர் வீதிப் பக்கமே போகாமல் மூன்று நாள் உள்ளே படுத்துக் கிடந்தார். கடை இருட்டாகவே இருந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் சந்திரகாந்தி வாசலுக்கு வந்து வேறு எந்தக் கடையாவது இருண்டிருக்கிறதா என்று பார்த்தாள். தேநீர்க்கடைக்காரன் அவளைக் கண்டதும் உள்ளே போய்விடுவான். எல்லாக் கடையும் எரிந்தது. வீதிக்காரர்கள் மட்டும் கோயில் வாசலில் கூடிக் கூடிப் பேசினார்கள்.

நாலாவது நாள் காலையில் அவர்கள் வந்தார்கள். முன்னால் ஹுமைத் நானா, பின்னால் கடைக்காரர்கள் அத்தனை பேரும், கடைசியில் ஏணியோடு ஒரு கம்பிக்காரன். வைரவநாதன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்தபடி வெளியே வந்தார். எல்லோரும் சேர்ந்து கேவலமாகப் பேசப்போகிறார்கள் என்று ராமலட்சுமி கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றாள். சந்திரகாந்திக்கு மட்டும் உள்ளே ஒரு நப்பாசை. எல்லோரும் கழற்றிவிட்டோம் என்று சொல்ல வந்திருக்கிறார்களோ?

"வைரவநாதன் அண்ணே, தலையத் தூக்குங்க" என்றார் ஹுமைத் நானா. "கரண்டுக்குக் கட்டிக் கட்டி உங்களுக்குக் கை கடிச்சிருச்சு, அதான் கழட்டியிருக்கீங்க. எங்களுக்கு விளங்காதா? வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எங்களுக்காகச் சூடம் அணைச்ச மனுஷன் கடை இருட்டாக் கெடந்தா, அந்தச் சத்தியம் என்னாவுறது? வெலைதான் எப்படிக் கொறையும்? அதனால தெருவாச் சேந்து ஒரு முடிவு எடுத்தோம். உங்க கடை வெளக்குக்கு இனிமே நாங்க எல்லாரும் சேந்து கட்டுறோம். வெலை கொறையுற வரைக்கும் நீங்க ஒரு சல்லி தரக்கூடாது."

வைரவநாதன் ஹுமைத் நானாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நானா..." என்று கத்தினாள் சந்திரகாந்தி. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த படியில் நின்றிருந்தாள். "பணத்துக்காகக் கழட்டல! நான்தான் கழட்டினேன். நீங்க எல்லாரும் கழட்டினாத்தான் அவங்க கொறைப்பாங்க. கிளாக்கர் ஐயாவைக் கேட்டுப் பாருங்க!"

கூட்டம் அவளை இரக்கத்தோடு பார்த்தது. அந்த இரக்கத்தை அவளால் தாங்க முடியவில்லை.

"மகள், உங்க கஷ்டம் எங்களுக்குத் தெரியும்" என்றார் ஹுமைத் நானா மெதுவாக. "கல்யாணம் தள்ளிப் போவுதேன்னு மனசு கெடந்து அடிச்சுக்குது. அதையும் நாங்க உட்டுடல. நேத்து நானும் இன்னும் ரெண்டு பேரும் மொனராகலைக்குப் போயி வந்தோம். மாப்பிள்ளைட உம்மாவைக் கண்டு பேசினோம். இப்படி ஒரு மனுஷன் ஊருக்காகச் சத்தியம் பண்ணிட்டு நிக்கிறார், அந்த வீட்டுப் புள்ளைய உட்டுடாதீங்கன்னு எடுத்துச் சொன்னோம். அந்தம்மா அழுதுட்டாங்க. இனிமே தை, மாசி எல்லாம் கிடையாதாம். பத்து வருஷமானாலும் வெலை கொறையுற வரைக்கும் பொறுத்திருப்போம்னு மகன் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்காங்க. போதுமா?"

இத்தனை நாளும் தை மாதத்தை நினைத்துச் சந்திரகாந்தி பயந்தாள். இப்போது அதுவும் இல்லை. வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போகக்கூட இனி மாப்பிள்ளை வீட்டுக்காரர்களால் முடியாது. ஆளாளுக்கு அன்பாக ஒவ்வொரு கதவாகச் சாத்திவிட்டு, சரிதானே என்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து வந்து எல்லோரையும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

கம்பிக்காரன் சாயங்காலம் வரை வேலை செய்தான். கடையின் நடுவில், முன்பு இருந்ததைவிடப் பெரிய பல்பாக ஒன்றை மாட்டினான். ஆறு மணிக்கு அது எரிந்தபோது கடைக்குள் ஒரு மூலை பாக்கியில்லாமல் வெளிச்சமாயிற்று. வைரவநாதன் விளக்கைப் பார்த்துக் கும்பிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தியா, கண்ணு? ஊரே நம்ம பக்கம் நிக்குது."

சந்திரகாந்தி சுவரைத் தடவிக்கொண்டு போனாள். கதவோரம் பார்த்தாள், அலமாரிக்குப் பின்னால் பார்த்தாள்.

"என்ன தேடுறே?"

"இதை எங்கப்பா நிறுத்துறது?"

"நிறுத்துறதா?" வைரவநாதன் பெருமையாகச் சிரித்தார். "நேரே கம்பத்துலருந்து இழுத்துக் குடுத்திருக்காங்க, தாயி. மேலேருந்து விட்டா எரியும். நாம நிறுத்தவே முடியாது."